சிவந்த நத்தையும் ஒரு சின்ன விரிசலும்

தோசைக்கல் விரிசல் விட்ட வீடுகளில் அன்றைக்குக் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே இருக்காது. அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும் கல்லில், ‘சூடாயிடுச்சா பார்ப்போம்’ என்று நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் பரவாயில்லை. யாரோ ஒரு சொம்பையே கவிழ்த்திருப்பார்கள். ‘டணார்’ என்று ஒரு சத்தம். அப்புறம் பார்த்தால் பாட்டி காலத்துக் கல்லின் நடுவில், மேப்பில் காவிரி ஓடுகிற மாதிரி ஒரு கோடு! மாமியார் மருமகளைப் பார்ப்பார். மருமகள் புருஷனைப் பார்ப்பாள். புருஷன் பேப்பரைப் பார்ப்பார்.

ஆக, வார்ப்பிரும்புக்குச் சூடு ஒத்துக்கொள்ளும், ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிர்ச்சியுமாக இருந்தால்தான் ஒத்துக்கொள்ளாது என்பது நம் சமையலறைக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். டொயோட்டா கம்பெனியின் இன்ஜினீயர்களுக்கும் தெரியும். தெரிந்திருந்தும், 1980-களின் கடைசியில் அவர்கள் செய்து விற்ற இரண்டு அருமையான கார்களில், தோசைக்கல்லுக்கு வருகிற வியாதி தவறாமல் வந்தது. ஸெலிகா ஜிடி-ஃபோர் ஒன்று, எம்ஆர்2 டர்போ இன்னொன்று. இன்றைக்கும் ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா என்று எந்த ஊரிலும் அந்தக் கார்களைத் தேடி வாங்குகிறவர்கள் டார்ச் லைட்டும் கையுமாகக் குனிந்து தேடுவது அந்த விரிசலைத்தான். விற்கிறவர் பேசுகிற வசனமும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்:

‘‘இந்த மாடல்ல எல்லா வண்டியிலும் இப்படித்தான் சார் இருக்கும்!’’

இதில் விசேஷம் என்னவென்றால், அவர் சொல்வது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. எதுவரைக்கும் உண்மை என்று தெரியாமல் போகிற ஆசாமி, ஒன்று நல்ல காரை வேண்டாமென்று விட்டுவிட்டு வருவார். அல்லது, முதுகுக்குப் பின்னால் கொள்ளிக்கட்டையை வைத்துக்கொண்டு மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் போவார்.

* * *

டர்போ என்பது பார்வைக்கு முதுகோடு முதுகாக ஒட்டிய இரண்டு நத்தைகள். ஒரு நத்தை அலுமினியம், இன்னொன்று இரும்பு. இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு சின்ன விசிறி. இரண்டு விசிறிக்கும் ஒரே அச்சு. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை எப்படியும் ஸைலன்ஸர் வழியாகப் போய்ப் பின்னால் வருகிற சைக்கிள்காரர் முகத்தில் அடிக்கப் போகிறது. அந்தப் புகை போகிற போக்கில் இரும்பு நத்தைக்குள் புகுந்து விசிறியைச் சுற்றிவிட்டுப் போகிறது. அச்சின் மறுமுனையில் உள்ள விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகமானால் பெட்ரோல் அதிகம் எரிக்கலாம். பெட்ரோல் அதிகம் எரிந்தால் சக்தி அதிகம். மீந்த சாதத்தை வடாமாக்குகிற சாமர்த்தியம்தான். ஆனால் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். நம் வீட்டு மிக்ஸி, காது கிழியக் கத்திக்கொண்டு சுற்றுவதே இருபதாயிரத்தை ஒட்டித்தான்.

இந்த இரும்பு நத்தையின் ஓட்டைத்தான் டர்பைன் ஹவுஸிங் என்கிறார்கள். விரிசல் விடுவது அதுதான். அலுமினிய நத்தை பாவம், அதற்கு அவ்வளவு கஷ்டம் இல்லை.

டர்போ வைத்த கார்களை முதலில் கடைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள். 1962-ல் ஷெவர்லே கார்வேர் ஒன்று, ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் இன்னொன்று. ஜெட்ஃபயரில் ஒரு வேடிக்கை. எஞ்சின் உள்ளே தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெதனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனியாக ஒரு டாங்கியில் ஊற்றவேண்டும். அதற்கு ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்று, ஏதோ சந்திரனுக்குப் போகிற மாதிரி ஒரு பெயர். வாங்கியவர்கள் பலர் அதை ஊற்ற மறந்தார்கள். 1963-ஓடு அந்தக் கார் கதை முடிந்தது. அப்புறம் 1973-ல் பிஎம்டபிள்யூ 2002 டர்போ. முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் பார்த்துப் பயந்து ஒதுங்கவேண்டும் என்று, பம்பருக்குக் கீழே ‘டர்போ’ என்று தலைகீழ் எழுத்தில் ஒட்டி வைத்தார்கள். எண்ணெய் நெருக்கடி வந்த வருஷத்தில் இப்படியொரு அலட்டலா என்று ஜெர்மனியில் பெரிய சண்டை. மொத்தம் 1,672 கார்களோடு நின்றது.

1977-ல் ரெனோ கம்பெனி ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கே டர்போவைக் கொண்டுவந்தது. மஞ்சள் நிறக் கார். அடிக்கடி வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு நின்றதால் இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு ‘மஞ்சள் டீ கெட்டில்’ என்று பட்டம் கட்டினார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் சில வருஷங்களிலேயே தங்கள் கார்களிலும் டர்போ மாட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

நம் கதாநாயகன் 1986-ல் வந்தான். டொயோட்டா ஸெலிகா ஜிடி-ஃபோர். இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் சக்தி. சேற்றிலும் பனியிலும் கூழாங்கல்லிலும் பறக்கிற ராலி பந்தயத்துக்காகவே பிறந்த ஜாதி. ஸ்பெயின் தேசத்து கார்லோஸ் ஸைன்ஸ் 1990-லும் 1992-லும் உலக சாம்பியன் ஆனது இதில்தான். 1993-ல் யூஹா காங்குனன், 1994-ல் டிடியே ஓரியோல்... வரிசையாகச் சாம்பியன்கள். 1995-ல்தான் மானம் போயிற்று. டர்போவுக்குள் போகும் காற்றை மட்டுப்படுத்த எல்லோரும் ஒரு வளையம் மாட்டவேண்டும் என்பது விதி. டொயோட்டா டீம் அந்த வளையத்தையே நகர்கிற மாதிரி செய்து, ஓரமாகத் திருட்டுக் காற்று எடுத்துக்கொண்டிருந்தது. சோதனைக்குக் கழற்றினால் வளையம் சமர்த்தாகத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும்! கண்டுபிடித்தவர்களே அந்த வேலைப்பாட்டைப் பார்த்து மெய்மறந்து பாராட்டிவிட்டு, பாயின்டுகளைப் பிடுங்கிக்கொண்டு பன்னிரண்டு மாதம் தடையும் போட்டார்கள்.

அதே எஞ்சினைச் சின்ன இரண்டு சீட்டு எம்ஆர்2-விலும் வைத்தார்கள். 1989-ல் வந்த அந்த மாடலில் எஞ்சின் ஓட்டுகிறவருக்குப் பின்னால். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். (சிலேடை அதுவாக வந்து விழுந்தது!)

* * *

சரி, விரிசலுக்கு வருவோம்.

பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு போகும்போது, டர்போவுக்குள் வருகிற புகையின் சூடு 900, 950 டிகிரி ஸெல்ஸியஸ். வெள்ளி உருகுவது 962 டிகிரியில். கொலுசைக் கழற்றி உள்ளே போட்டால் பாயசமாகாது, ஆனால் பக்கத்தில் வந்துவிடும். இருட்டில் பார்த்தால் அந்த இரும்பு நத்தை செக்கச்செவேல் என்று ஜொலிக்கும். அதற்கு ஒரு கை அகலத்தில், 660 டிகிரியில் உருகிவிடக்கூடிய அலுமினிய நத்தை. நடுவில் எண்ணெய் ஓடுகிறது. உலகத்தில் இதைவிட மோசமான அக்கம்பக்கம் கிடையாது.

‘‘அவ்வளவு சூட்டுல இரும்பு வெடிக்காம என்ன செய்யும்?’’ என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சூட்சுமம். சூடு மட்டும் அதை வெடிக்க வைப்பதில்லை. கொல்லன் உலையில் இரும்பு இதைவிடச் சிவந்து கிடக்கிறது, வெடிக்கிறதா? ஹவுஸிங் முழுவதும் ஒரே சீராகச் சூடாகி, ஒரே சீராக ஆறினால், அது பாட்டுக்கு உப்பும், அது பாட்டுக்குச் சுருங்கும். ஒரு ஜாண் நீள வார்ப்பிரும்பை 800 டிகிரி சூடேற்றினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். நீளட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

நீள விடமாட்டேன் என்கிற ஆள் பக்கத்தில் இருந்தால்தான் நஷ்டம்.

அந்த டொயோட்டா எஞ்சினின் டர்போவுக்கு சிடி26 என்று பெயர். 1989-க்குப் பிறகு வந்ததில் புகை நுழைய இரண்டு வாசல். ஒன்றாவது, நான்காவது சிலிண்டர்களின் புகை ஒரு வாசலில். இரண்டாவது, மூன்றாவதின் புகை இன்னொரு வாசலில். ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படாமல் தனித்தனி க்யூ. இதனால் டர்போ சட்டென்று விழித்துக்கொள்ளும். பிரமாதமான யோசனை. ஆனால் இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தடுப்புச்சுவர் வேண்டுமே? அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நெருப்பு. பக்கத்திலேயே வேஸ்ட்கேட் என்று ஒரு ஓட்டை. டர்போ அளவுக்கு மீறிச் சுற்றாமல் இருக்க, அதிகப் புகையைத் திருப்பி விடுகிற கதவு அது. இதற்கெல்லாம் வெளியே தடிமனான சுவர். அதற்குப் பக்கத்தில் எஞ்சினோடு போல்ட் போட்டு முறுக்கிய, இன்னும் தடிமனான பட்டை.

டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் தடுப்புச்சுவர். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அவருக்கு மட்டும் சடசடவென்று உடம்பு உப்புகிறது. இரண்டு பக்கமும் தடித்த ஆசாமிகள். அவர்களுக்கு இன்னும் சூடே ஏறவில்லை, நகரமாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வார்? சிவந்த இரும்பு களிமண் மாதிரி இளகியிருக்கிறது. நசுங்குகிறார். நசுங்கி, இருக்கிற இடத்துக்குத் தகுந்தபடி நிரந்தரமாகவே குறுகிக்கொள்கிறார். இதுவரை வலி இல்லை, சத்தம் இல்லை, விரிசலும் இல்லை.

வண்டியை நிறுத்துகிறீர்கள். எல்லோரும் ஆறுகிறார்கள். நடு ஆசாமி ஏற்கெனவே குறுகிப் போனவர், இப்போது ஆறி இன்னும் சுருங்குகிறார். ஆனால் இரண்டு கையையும் பக்கத்து ஆட்களோடு கட்டிப் போட்டிருக்கிறது. அவர்கள் தங்கள் பழைய அளவுக்கே வந்து நிற்கிறார்கள். இந்தப் பக்கம் ஒருவர் இழுக்க, அந்தப் பக்கம் ஒருவர் இழுக்க, நடுவில் இருப்பவருக்கு இளகுகிற பாக்கியமும் இப்போது இல்லை. கெட்டியாகிவிட்டார். வார்ப்பிரும்பை அமுக்கினால் எவ்வளவும் தாங்கும், இழுத்தால் தாங்காது. எங்கே தாங்காது என்றால், ஓட்டை இருக்கிற இடத்தில்! தபால்தலையை ஓட்டை வரிசையில்தானே கிழிக்கிறோம்? வேஸ்ட்கேட் ஓட்டையின் விளிம்பிலிருந்து தடுப்புச்சுவரை நோக்கி மயிரிழையாக ஒரு கோடு புறப்படுகிறது.

அதாவது, பறக்கும்போது விதை போட்டு, நிறுத்தி வைத்திருக்கும்போது முளைக்கிற விரிசல் இது. ராத்திரி ஷெட்டில் நிறுத்திய கார் ‘டிக்... டிக்...’ என்று முனகுமே, அந்தச் சத்தம் எல்லாம் விரிசல் சத்தம் என்று பயந்துவிடாதீர்கள். தகடுகளும் குழாய்களும் சுருங்கி இடம் மாறி உட்காருகிற சத்தம் அது. விரிசல் வருவது காதுக்குக் கேட்காது.

ஒரே நாளில் வருவதும் இல்லை. பி.காம். பாடத்தில் தேய்மானம் கணக்குப் போட நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டும் வருஷத்தை வைத்துப் போடுகிற கணக்கு. டர்போ ஹவுஸிங்குக்கு அந்தக் கணக்கு செல்லாது. கிலோமீட்டர் கணக்கும் செல்லாது. ஒரு தடவை சூடேறி ஒரு தடவை ஆறினால் ஒரு பற்று. அவ்வளவுதான் அதன் பேரேடு. நாளுக்கு இரண்டு தடவை, வருஷத்துக்கு 300 நாள், முப்பது வருஷம் என்றால் 18,000 பற்று. வரவுப் பக்கம் காலி! ஹைவேயில் ஒரே சீராக மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் ஹவுஸிங் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்து, மிதி மிதி என்று மிதித்து, கொண்டுவந்து நிறுத்தி, மறுபடி எடுத்து மிதித்த வண்டியில், மீட்டர் எழுபதாயிரம்கூடக் காட்டாது, உள்ளே கோடு விழுந்திருக்கும். ‘‘ரொம்பக் கம்மியா ஓட்டினது சார்’’ என்று விற்கிறவர் சொல்வதை இந்த இடத்தில் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கேட்கவேண்டும்.

இதோடு துரு வேறு. 800 டிகிரியில் துருப்பிடிக்கிற வேகம் நம் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற வேகம் இல்லை. விரிசலின் வாய்க்குள் துரு போய் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த தடவை விரிசல் மூடப் பார்த்தால் துரு விடாது. கட்டையைப் பிளக்க ஆப்பு வைக்கிற மாதிரி நின்றுகொள்கிறது. வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் துணுக்குகள் உண்டு. அவை மெதுவாக எரிந்துபோக, அந்தப் பொந்துகளையே படிக்கட்டாக வைத்துக்கொண்டு கோடு உள்ளே இறங்குகிறது.

* * *

இவ்வளவு தெரிந்தவர்கள் நல்ல இரும்பாகப் போட்டிருக்கக் கூடாதா? போடலாம். எல்லாம் காசு சார், காசு!

சிலிக்கனும் மாலிப்டினமும் சேர்த்த வார்ப்பிரும்பு மலிவு. 800 டிகிரியைத் தாண்டினால் தடுமாறும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிக்கல் கலந்த இரும்பு 900 தாண்டியும் நிற்கும்; நிக்கல் விலை நம்மை நிற்க விடாது. அதற்கும் மேலே, 25 சதவீதம் குரோமியமும் 20 சதவீதம் நிக்கலும் போட்ட எஃகு. ஆயிரம் டிகிரிக்கும் அசராது. வார்ப்பதும் கடைவதும் பெரும்பாடு. பழைய கார் கம்பெனிகள் பலவும் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தன. முழுசாக மிதிக்கும்போது எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளித்துவிடுவது. எரியாத பெட்ரோல் சூட்டைத் தணிக்கும். பெட்ரோலை வைத்துக் குளிர வைப்பது! பங்க்காரருக்கு ஆனந்தம். ஊர்க் காற்றுக்குக் கேடு.

இப்போது அந்தக் காரை மூன்றாவதாக வாங்கிய இளைஞரைப் பாருங்கள். அவர் முதலில் செய்கிற காரியம் பூஸ்ட்டை ஏற்றுவது. கம்பெனி வைத்த அளவு போதாதாம். இரண்டாவது, பெட்ரோல் கலவையை ‘ட்யூன்’ பண்ணுகிறேன் என்று குறைத்து, அந்தக் குறுக்கு வழியையும் அடைத்துவிடுவது. மூன்றாவது, பெரிய ஸைலன்ஸர் குழாய் மாட்டுகிறபோது, கம்பெனி போட்ட தாங்குகம்பியை ‘இது எதுக்கு?’ என்று கழற்றிக் கடாசிவிடுவது. குழாயின் கனம் முழுவதும் சிவந்த நத்தையின் கழுத்தில் தொங்கும். ஒவ்வொரு குழிக்கும் ஆடும். நாலாவது, அஸ்பெஸ்டாஸ் மாதிரி ஒரு நாடாவை வாங்கி எல்லாவற்றையும் கட்டுப்போட்டுவிடுவது. பானெட்டுக்குள் சூடு குறையும், வாஸ்தவம். அந்தச் சூடு இரும்புக்குள்ளேயே அல்லவா இருக்கும்? ஆஸ்பத்திரிக் கட்டு மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால், கட்டுப் போட்ட பிறகுதான் எலும்பு முறிகிறது.

1990-களில் ஜப்பானில் ஒரு சாமான் சக்கைப்போடு போட்டது: டர்போ டைமர். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி நீங்கள் போய்விடலாம். எஞ்சின் மட்டும் தனியாக ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் ஓடிவிட்டுத் தானே நிற்கும். தெருவில் போகிறவர்கள் பேய் என்று நினைத்தால் அதற்குக் கம்பெனி பொறுப்பல்ல. இதன் முக்கியமான உபகாரம் நடுவில் ஓடுகிற எண்ணெய்க்கு. சட்டென்று நிறுத்தினால் எண்ணெய் அங்கேயே கருகிக் கரியாகி, அச்சைப் பிடித்துக்கொள்ளும். ஹவுஸிங்குக்கும் கொஞ்சம் லாபம் உண்டு: ஆக்ஸிலரேட்டரை விட்டு ஓடும்போது வருகிற புகையின் சூடு பாதிக்கும் கீழே என்பதால், இரும்பு நிதானமாக இறங்கும். வீட்டுக்கு வருவதற்கு முன் கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் இதே பலன் பைசா செலவில்லாமல் கிடைக்கும். காலையில் எடுத்ததும் முதல் ஐந்து நிமிஷம் மிதிக்காமல் இருந்தால் இன்னும் பெரிய லாபம். தடித்த ஆசாமிகளுக்கும் சூடேற அவகாசம் வேண்டாமா?

* * *

‘எல்லா வண்டியிலும் இருக்கும்’ என்ற வசனத்துக்கு வருவோம்.

வேஸ்ட்கேட் ஓட்டைக்கும் தடுப்புச்சுவருக்கும் இடையே உள்ளுக்குள்ளேயே ஓடுகிற மயிரிழைக் கோட்டைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. இது ஒரு வாசலின் புகையை இன்னொரு வாசலுக்கோ, கதவு வழியாகக் குழாய்க்கோ கசிய விடும். வெளியே எதுவும் வராது. ரயில் தண்டவாளத்தில் வேண்டுமென்றே இடைவெளி விடுகிறார்கள் அல்லவா, அந்த மாதிரி இந்த விரிசலே ஒரு இடைவெளியாகிவிடுகிறது. நடு ஆசாமிக்கு நகர இடம் கிடைத்துவிட்டது, இழுவை தளர்கிறது, கோடு ஒரு தூரம் ஓடிவிட்டு வருஷக்கணக்கில் அங்கேயே தூங்கும். இதற்காகக் காரை ஒதுக்கவேண்டியதில்லை. விலையைக் குறைக்கச் சொல்லலாம்; அது நம் பிறப்புரிமை.

கோடு வேஸ்ட்கேட் கதவு உட்காருகிற வட்டத்தின் குறுக்கே அகலமாகப் போயிருந்தால், கதவு சரியாக மூடாது. டர்போ சோம்பேறியாக விழிக்கும். வேகம்தான் குறையும், உயிருக்கு ஒன்றும் இல்லை.

பயப்பட வேண்டியது இரண்டுக்கு. ஒன்று, பல கோடுகள் சேர்ந்து ஒரு துண்டைச் சுற்றி வளைத்திருப்பது. அந்தச் சில்லு என்றைக்காவது கழன்று, லட்சம் சுற்றில் ஓடுகிற விசிறியில் போய் விழும். விசிறியின் இறக்கை ஒன்று முறிந்தால் சமநிலை போய், அச்சு ஆடி, எண்ணெய் சீல் பிய்ந்து, எண்ணெய் எங்கே போகும்? சிவந்த இரும்பின் மேலே.

இன்னொன்று, கோடு வெளிச்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருப்பது. 900 டிகிரிப் புகை ஊசி மாதிரிப் பீய்ச்சும். பக்கத்தில் ஒயர் இருக்கிறது, ரப்பர் ஹோஸ் இருக்கிறது, பெட்ரோல் குழாய் இருக்கிறது. எம்ஆர்2-வில் இவ்வளவும் உங்கள் சீட்டுக்குப் பின்னால், உங்கள் கண்ணுக்குப் படாத இடத்தில் நடக்கும். முன்னால் எஞ்சின் உள்ள காரிலாவது பானெட் இடுக்கில் புகை வருவது தெரியும். அதோடு, புகையில் கார்பன் மோனாக்ஸைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கார் ஓட்டும்போது காரணமில்லாமல் தலைவலி, தூக்கம் வருகிறதென்றால், மாத்திரை போடுவதற்கு முன் கண்ணாடியை இறக்கி, வண்டியை ஓரங்கட்டுவது நல்லது. ‘எல்லா வண்டியிலும் இருக்கும்’ என்ற வசனத்தை இந்த இரண்டு விரிசலுக்கும் யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது போகவேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படவேண்டும். ஏனென்றால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ‘ச்சிக்... ச்சிக்... ச்சிக்...’ என்று ஒரு சத்தம் கேட்டு, சூடேற ஏற அது மறைந்தால், எங்கோ புகை கசிகிறது. இரும்பு உப்பியதும் கோடு மூடிக்கொள்கிறது. அப்புறம், ஹவுஸிங் மேல் இருக்கும் தகட்டைக் கழற்றச் சொல்லி, டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகப் பார்க்கவேண்டும். துருப்பிடித்த செம்மண் நிறத்தில் கறுப்பாக மசிக்கோடு தெரிந்தால் அது வெளியே வந்த விரிசல். உள்ளே பார்க்கக் குழாயைக் கழற்றியாகவேண்டும். சிவப்புச் சாயம் ஒன்று உண்டு: தெளித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பவுடரை அடித்தால், கோட்டுக்குள் போன சாயம் திரும்பிக் கசிந்து, வெள்ளையில் சிவப்பாக ஜாதகமே எழுதிவிடும். கண்ணுக்குத் தெரியாத கோடும் தப்பாது.

* * *

வந்த விரிசலை ஒட்ட முடியுமா? வெல்டிங் பண்ணலாம். ஹவுஸிங்கை முதலில் முழுக்கச் சூடேற்றி, நிக்கல் ராடு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, சூட்டோடு மணலிலோ சாம்பலிலோ புதைத்து, மெதுவாக ஆறவிடவேண்டும். பொறுமையான கைக்கு அழகாக வரும். ஆனால் ஒட்டிய இடம் ஒரு ஜாதி, பக்கத்து இரும்பு இன்னொரு ஜாதி. அடுத்த கோடு பெரும்பாலும் ஒட்டுக்கு அரை விரற்கடை தள்ளி, ஜோராக ஆரம்பிக்கும். பழைய ஹவுஸிங் வாங்கி மாட்டலாம் என்றால், கிடைப்பதும் அதே வயசுக்காரன்தான். அவன் பேரேட்டில் எத்தனை பற்று என்று யாருக்குத் தெரியும்?

கார் கம்பெனிகள் பின்னால் வேறு வழிக்குப் போயின. 2006-ல் போர்ஷே 911 டர்போவில், டர்பைனைச் சுற்றி அசையும் இறக்கைகள் வைத்தார்கள். டீசல் கார்களில் அது ஏற்கெனவே இருந்தது. டீசல் புகைக்குச் சூடு கம்மி. பெட்ரோல் காரில் ஆயிரம் டிகிரிக்குத் தாங்குகிற உலோகம் கைக்கு வந்த பிறகுதான் துணிந்தார்கள். புதிய சின்ன டர்போ எஞ்சின்கள் பலவற்றில் புகைக்குழாயே எஞ்சின் தலைக்குள் தண்ணீர் சூழ வார்க்கப்பட்டிருக்கிறது. புகை டர்போவுக்கு வரும் முன்பே கொஞ்சம் அடங்கி வருகிறது.

பழைய ஸெலிகாக்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. காசுள்ளவர், வெளிக்கம்பெனிக்காரர்கள் எஃகில் வார்த்து விற்கிற ஹவுஸிங்கை வாங்கி மாட்டுகிறார். அது சிவக்கும், ஆறும், அவ்வளவு சுலபத்தில் விரிசல் விடாது. ஆனால் இந்த எஃகு வார்ப்பிரும்பைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு உப்புகிற ஜாதி. நத்தை அந்தப் பக்கம் நீள, எஞ்சினோடு சேர்ந்திருக்கிற பழைய இரும்பு மேனிஃபோல்டு இந்தப் பக்கம் அசையமாட்டேன் என்க, நடுவில் மாட்டிய போல்ட்டுகள் தளர ஆரம்பிக்கும். மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே ஆறுதலாகச் சொல்வார்: ‘‘இந்த ஸெட்டிங் போட்டா எல்லா வண்டியிலும் இப்படித்தான் சார்!’’